மடியில் இருந்த வைஃபை

எங்கள் வீட்டில் டவர் எடுக்காது ஐயா. சிங்கவரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பின்பக்கம் பாறை மறைத்துக்கொண்டு நிற்கிறது. அதற்காகத்தான் என் மகள் வெண்மதி செஞ்சி பஜாரில் ஒரு வைஃபை பெட்டி வாங்கி வந்தாள். உள்ளங்கையில் அடங்கிவிடும். அதற்குள் இருக்கும் சிம்முக்கு மட்டும் எங்கள் பக்கம் டவர் உண்டு. கடலைக்கொல்லை வரப்பில் உட்கார்ந்துகூட லேப்டாப்பில் வேலை பார்ப்பாள்.

"ஆபீசே நம்ம கொல்லைக்கு வந்துட்டுது பாரு நைனா," என்பாள்.

அவள் அம்மா போனபிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அந்தப் பெட்டியைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை எனக்கு. பெண்ணை என்னோடு வைத்திருந்தது அதுதானே.

பிறகு பெங்களூரில் ஒரு வேலைக்கு வீடியோவில் இன்டர்வியூ வந்தது. கிடைத்தால் அங்கேயே போய்த் தங்க வேண்டும். அன்று காலையில் அவள் குளிக்கப் போனபோது பெட்டியை அணைத்து வேட்டி மடியில் செருகிக்கொண்டேன். கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. வேலை போனால் இன்னொன்று வரும், அப்பன் வருவானா?

வீட்டையே புரட்டிப் போட்டாள். நானும் கூடச் சேர்ந்து தேடினேன். பாய்க்கு அடியில் பார்த்தேன், மூட்டை இடுக்கில் கைவிட்டேன்.

"விடும்மா, வேற நாளு கேட்டுக்க."

"தரமாட்டாங்க நைனா. பாறை மேல ஏறுனா என் போன்லயே டவர் கிடைக்கும்."

அப்போதுதான் தூறி விட்டிருந்தது. ஈரப்பாறை வழுக்கும் என்று எனக்குத் தெரியும். பார்த்து ஏறச் சொல்லி அனுப்பினேன்.

பாதி ஏறும்போதே சறுக்கிவிட்டாள். நான் ஓடிப் பார்த்தபோது கீழே கிடந்தாள், தலையில் ரத்தம். ஆனால் நினைவு இருந்தது. போன் உடையாமல் கையிலேயே இருந்தது. டவர்தான் இல்லை. என் பட்டன் போனிலும் இல்லை.

"நைனா, பச்சமுத்து அண்ணனக் கூப்புடு, கார் எடுத்தாரட்டும்."

மடியில் இருந்த பெட்டியை அழுத்தினால் போதும். அவள் போன் தானாகவே அதைப் பிடித்துக்கொள்ளும். பச்சமுத்து போனிலும் அதே கம்பெனி சிம்தான், வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் உடனே வந்திருப்பான். ஆனால் பெட்டி என்னிடம் இருந்தது அவளுக்குத் தெரிந்துவிடுமே. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் ஐயா. மடிக்குப் போன கையை எடுத்துக்கொண்டேன்.

அவள் போனையாவது வாங்கிக்கொண்டு ஓடி, மறைவில் பெட்டியைப் போட்டுக் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். டவர் இல்லாத போன் உனக்கு எதற்கு என்று அவள் கேட்டால் என்ன சொல்வேன்? "இதோ கூட்டியாரேன்" என்று வெறுங்கையோடு ஓடினேன். பச்சமுத்து வீட்டில் இல்லை. வயலில் தேடிப் பிடித்துக் காரோடு வந்தபோது அவளுக்கு மூச்சு நின்றிருந்தது. அடித்துக்கொண்டு அழுதேன். அந்த அழுகையில் பொய் இல்லை.

தவறி விழுந்தாள் என்று ஸ்டேஷனில் நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். விதி என்று ஊரே சொன்னது, நானும் தலையாட்டினேன். ஆனால் பச்சமுத்து, தான் வயலில் நின்றுவிட்டதால்தான் பிள்ளை செத்தாள் என்று சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறான். யார் பாவத்தையோ அவன் ஏன் சுமக்க வேண்டும்? பெட்டி இதோ இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். என் மகளைச் சாகவிட்டது நான்தான்.

ஒரே ஆறுதல், கடைசி வரைக்கும் அவள் என்னைத் தப்பாக நினைக்கவில்லை. பெற்றவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும், சொல்லுங்கள்.