சும்மா ஆள்

என் தொண்டை கொஞ்சம் கரகரக்கும், சார், பொறுத்துக்கொள்ளுங்கள். ஜலதோஷம் இல்லை. ஞாயிறு தவறாமல் கிழவன், காவலாளி, பேய், குதிரை வியாபாரி என்று ஊர்ப்பட்ட குரலில் பேசித் தேய்ந்த தொண்டை.

லிஃப்ட் பழுதுபார்ப்பது என் பிழைப்பு. அது உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுதான் புரியவில்லை என்றீர்கள். சுலபம். தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நாலு பேர் உட்காருவோம். நான் கதை சொல்வேன். "காட்டுக்குள்ள பாழடைஞ்ச கோட்டை. கதவு திறந்திருக்கு. என்ன பண்றீங்க?" மற்ற மூவருக்கும் ஆளுக்கொரு பாத்திரம். தங்கை மந்திரக்காரி. பக்கத்துத் தெரு பல் டாக்டர், திருடன். தங்கையின் கணவர், என் மாப்பிள்ளை, வாள் வீரன். என்ன செய்வதென்று அவர்கள் சொல்வார்கள். பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். பெரிய எண் விழுந்தால் பிழைத்தார்கள்.

அவர்கள் மூவரும் 'ஆடுற ஆள்'. அந்த உலகத்தில் மிச்சமிருக்கும் அத்தனை பேரும் நான். எங்கள் மேஜையில் அவர்களுக்கு 'சும்மா ஆள்' என்று பெயர். ஆடுற ஆள் சாக வேண்டுமானால் பகடை உருட்டியாக வேண்டும். சும்மா ஆளுக்கு அது கிடையாது. செத்துவிட்டான் என்று சொன்னால் செத்துவிட்டான்.

மாப்பிள்ளை நல்ல மனிதர், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாதவர். சும்மா ஆட்களிடம் மட்டும் ஒரு மாதிரி. படகோட்டி ஒருவன் இருந்தான். வருஷக்கணக்காக அவர்களை ஆறு கடத்தியவன். ஒரு காலை இழுத்து நடப்பான், எதைக் கேட்டாலும் மகளைப் பற்றியே பேசுவான். அவனை முதலைக்குத் தூக்கிப் போட்டுவிட்டு, "அடுத்த ஊர்ல வேற படகோட்டி இருப்பான், விடுங்க மச்சான்" என்றார். நானும் சிரித்தேன். வேறொரு படகோட்டியின் குரலைத் தொடங்கினேன்.

ஒரே ஒரு தடவை நானும் ஆடுகிறேன் என்று கேட்டேன். "நீ ஆடினா அந்த ஊர்ல கடை யாருண்ணா திறக்கிறது?" என்றாள் தங்கை. விடாமல் நச்சரித்தேன். போன மாதம் ஒருவழியாக ஒத்துக்கொண்டார்கள். அவள் கதை சொல்வாள், நான் ஆடுவேன். எனக்கென்று ஒரு வைத்தியனை உருவாக்கினேன். மழைக்குப் பயப்படுபவன், தொலைந்துபோன அக்காவைத் தேடிப் புறப்பட்டவன். வேலைக்குப் போகிற வழியெல்லாம் அவன் குரலில் பேசிப் பார்த்தேன். புதுப் பகடை ஒன்றும் வாங்கினேன், நீல நிறத்தில்.

அன்றைய கதை ஒரு குகை வாசலில் தொடங்கியது. "உள்ள ஒரே இருட்டு. யாராவது போய்ப் பார்க்கணும்" என்றாள் தங்கை.

"வைத்தியர் போகட்டும், புது ஆள்தானே. கையில விளக்கைக் கொடுத்து ஒரே தள்ளு" என்றார் மாப்பிள்ளை.

"தள்ளிட்டீங்களா? ஐயோ, உள்ள தரையே இல்லையே! வைத்தியன் அவுட்டு."

மூவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பகடை என் உள்ளங்கையில்தான் இருந்தது. உருட்டு என்று யாரும் சொல்லவில்லை.

"ஆசை தீர்ந்துச்சாண்ணே? நீங்களே கதையை எடுத்துக்குங்க. பக்கத்துல சத்திரம் ஏதாவது இருக்கா?" என்றார் டாக்டர்.

நான் சத்திரக்காரன் குரலில், "வாங்க வாங்க, சூடா இருக்கு" என்றேன்.

மறுவாரம் மாப்பிள்ளையின் அலுவலகக் கட்டடத்தில் எனக்கு வேலை. நடந்ததைக் கவனக்குறைவு என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். கம்பெனியும் அதையே சொல்கிறது. தங்கைகூட என் தோளில் சாய்ந்து அழுதுவிட்டு, "நீ என்ன வேணும்னா பண்ணின? மனசைப் போட்டு உழப்பிக்காதண்ணா" என்று என்னைத் தேற்றுகிறாள். அது தாங்கவில்லை. அதற்காகத்தான் நானாக வந்தேன். இத்தனை வருஷத்தில் என் வேலையில் கவனக்குறைவு என்று ஒருவர் சொன்னதில்லை.

லிஃப்ட் பெட்டி கீழ்த்தளத்தில் நின்றது. மாப்பிள்ளை வேலை செய்யும் ஆறாவது மாடியில் வெளிக்கதவை என் சாவியால் திறந்து, மூடிக்கொள்ளாதபடி கட்டை கொடுத்தேன். தடுப்புக் கம்பியை மடித்துப் படிக்கட்டுப் பக்கம் சாய்த்தேன். வராந்தா விளக்கை அணைத்தேன். ஒவ்வொன்றும் யோசித்துச் செய்தது.

அவர் எந்த வாசலிலும் கீழே பார்த்ததில்லை, சார். "யோவ், முதல்ல சோதிச்சுப் பாருய்யா!" என்று ஞாயிறுதோறும் டாக்டர் கத்துவார். "அதெல்லாம் எதுக்கு, நான் போறேன்" என்பார் இவர். என் மேஜையில் பழகிய பழக்கம்.

படிக்கட்டில் உட்கார்ந்து அவருக்குப் போன் செய்தேன். "லிஃப்ட் ரெடி மாப்பிள்ளை. உள்ள லைட்டு மட்டும் எரியலை. கதவு திறந்திருக்கு. என்ன பண்றீங்க?"

"என்ன மச்சான், ஞாயித்துக்கிழமை மாதிரியே கேக்குறீங்க!" என்று சிரித்தார். நடந்துகொண்டே பேசினார், செருப்புச் சத்தம் கேட்டது. "மச்சான், அன்னிக்கு நாங்க அப்படிச் சிரிச்சிருக்கக் கூடாது. வர்ற வாரம் நீங்கதான் ஆடணும். வைத்தியரைப் பிழைக்க வெச்சுடலாம்னு அவளும் சொல்லிட்டா. இருங்க, இதோ வந்துட்டேன்."

நான் தள்ளவில்லை. இடத்தை வர்ணித்தேன், அவ்வளவுதான். போவதா நிற்பதா என்பது அவர் முடிவு. கதவைச் சாத்த நேரம் இருந்ததே என்பீர்கள். இருந்தது. ஆனால் போன் செய்வதற்கு முன்பே பகடை விழுந்துவிட்டது. விழுந்த பகடையை மாற்றக் கூடாது, எங்கள் மேஜையில் அது சட்டம்.

ஆமாம், அவருக்காக உருட்டினேன். நீலப் பகடையை. பத்துக்கு மேல் விழுந்தால் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுவது என்று வைத்துக்கொண்டேன். எனக்கு யாரும் தராத வாய்ப்பை நான் அவருக்குக் கொடுத்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். முதலில் பதினேழு விழுந்தது. ஆனால் பகடை படி விளிம்பில் இடித்துத் திரும்பியது, அது சேராது. அடுத்தது பதினாலு. அப்போது என் கை வியர்த்திருந்தது. அப்புறம் பத்தொன்பது.

நான்காவது தடவைதான் சரியாக விழுந்தது.