வக்கீல் அலுவலகச் சோபாவைப் பிரித்த விவரம்

பெயர், அடையாள அட்டையில் உள்ளபடி. ஆனால் எங்கள் தெருவில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, ஊசியக்கா என்றுதான் கேட்க வேண்டும். வயது நாற்பத்திரண்டு என்று முதலில் சொன்னேன். இந்தக் காவல் நிலையத்தில் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் என் கணவர் தொண்டையைச் செருமியதால் நாற்பத்தேழு என்று திருத்திக்கொள்கிறேன். முகவரி, சோபா பட்டறைக்கு மேல் மாடி. படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள், பேசியதற்காக வகுப்புக்கு வெளியே நின்றேன். தொழில், சோபாவுக்கும் நாற்காலிக்கும் உறை தைப்பது. கணவர் மரச்சட்டம் அடித்து ஸ்பிரிங் கட்டுவார், நான் மூடித் தைப்பேன்.

இன்று காலை வக்கீலம்மாவின் அலுவலகத்தில் நடந்தது சண்டை அல்ல. சண்டை என்று பதிவானால் எங்கள் மகளுக்காக வக்கீலம்மா இருவரிடமும் மாதக்கணக்கில் பேசி முடித்த ஏற்பாடு கெட்டுவிடும். ஏற்பாட்டின்படி நாங்கள் பிரிந்த பிறகு வார நாட்களில் அவள் என்னிடம், சனி ஞாயிறு அப்பாவிடம். கைகலப்பு நடந்தது என்று நீதிமன்றத்துக்குத் தெரிந்தால் அப்பாவும் மகளும் சந்திப்பதற்கே பக்கத்தில் ஓர் ஆளை உட்காரவைப்பார்கள் என்று வக்கீலம்மா முன்பே எச்சரித்திருக்கிறார். அதனால் ஒன்றுவிடாமல் சொல்கிறேன்.

என் கணவர் கெட்டவர் அல்ல. குடி இல்லை, அடி இல்லை, பேச்சும் இல்லை. சில வருடங்களாகப் பேச்சு தேய்ந்து, கடைசியில் எல்லாம் மகள் வழியாக என்று ஆனது. "அம்மாகிட்ட நூல் தீந்துபோச்சுன்னு சொல்லு" என்பார். "அந்த நூல் மேலதான் உங்கப்பா உக்காந்திருக்காருன்னு சொல்லு" என்பேன். மூவரும் இருப்பது ஒரே அறையில்தான். ஒரு நாள் மகள் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "நான் என்ன, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இழுத்த வயரா?" என்று கேட்டாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. அதன் பிறகு அவளும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். வீட்டில் அந்த வாயும் மூடுவதைப் பார்த்த பிறகுதான் நான் வக்கீலம்மாவைத் தேடிப் போனேன்.

அவர் விவாகரத்தும் குழந்தைப் பொறுப்பும் தவிர வேறு வழக்கு எடுப்பதில்லை. முதல் நாள் நான் என் கதையைச் சொன்னபோது அவரும் சிரித்தார், குமாஸ்தாவும் சிரித்தார். அதன் பிறகு வக்கீலம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, இதையே கோர்ட்ல சிரிக்காம சொல்லப் பழகுங்க. இல்லாட்டி உங்களுக்கு வலிக்கலன்னு நினைச்சுக்குவாங்க" என்றார். வீட்டில் கண்ணாடி முன் நின்று பழகிப் பார்த்தேன். சிரிக்காமல் சொன்னால் கடைசிவரை சொல்ல முடியவில்லை. அதைக் கேட்டபின் அவர், அப்படியானால் இருவரும் சம்மதித்துப் பிரியும் மனுவே நல்லது, அதில் அதிகம் பேச வேண்டியிருக்காது என்றார். என் கணவரிடம் தனக்கென்று ஒரு வக்கீல் வைத்துக்கொள்ளும்படி சொல்லியும் பார்த்தார். அவர், "எதுக்கு, இதுலயே சரியாத்தான இருக்கு" என்று சொல்லிவிட்டார். மகள் வழியாகச் சேதி அனுப்பக் கூடாது என்று ஒரு வரியை வக்கீலம்மாவே சேர்த்தார். அதற்கு இருவருமே தலையாட்டினோம்.

வக்கீலம்மாவின் வழக்கம், பிரிய வந்தவர்களை ஒரே இடத்தில் காக்கவைக்க மாட்டார். மனைவிக்கு ஓர் அறை, கணவனுக்கு ஓர் அறை, கதவும் வேறு. இன்று மனுவில் கையெழுத்துப் போட வரச் சொல்லியிருந்தார். ஆனால் ஓர் அறைக்கு வெள்ளையடிக்கும் வேலை நடந்ததால் குமாஸ்தா எங்கள் இருவரையும் ஒரே அறையில், ஒரே சோபாவில் உட்காரவைத்துவிட்டு, வக்கீலம்மா கோர்ட்டிலிருந்து வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லிப் போனார்.

அந்தச் சோபா எங்கள் பட்டறையில் செய்தது. கைப்பிடி ஓரத்துத் தையலைத் தொட்டதும் தெரிந்தது. நான் இந்த மூலையில் உட்கார்ந்தேன், அவர் அந்த மூலையில். சோபாவின் நடுவில் குழி விழுந்திருந்ததால் இருவரும் மெல்லச் சரிந்து நடுவில் வந்து தோளோடு தோள் இடித்துக்கொண்டோம். அவர் நகர்ந்து போனார், மறுபடியும் சரிந்து வந்தார். நான், "இந்தச் சோபாவுக்கு இன்னும் சேதி போய்ச் சேரல போலிருக்கு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் மூக்கு விடைத்தது. அதன் பிறகு அவர், "நாடா போயிருக்கு" என்றார். அது சோபாவின் அடியில் ஸ்பிரிங்கைத் தாங்கும் பட்டை. நடுவில் மகள் இல்லாமல் அவர் என்னிடம் ஒரு சொல் சொல்லி எத்தனை காலம் ஆனது என்று எனக்குத் தெரியாது.

அதன் பிறகு நாங்கள் சோபாவைக் கவிழ்த்தோம். யாரிடமும் கேட்கவில்லை, அது தப்புத்தான். அவர் வெளியில் ஒரு வீட்டு வேலைக்குப் போகும் வழியில் வந்ததால் கருவிப் பையும் நாடாச் சுருளும் கையில் இருந்தன. என் கைப்பையில் வளைந்த ஊசியும் பெரிய கத்திரியும் எப்போதும் இருக்கும். நான் அடித்துணியைக் கிழித்தேன், அவர் நாடாவை இழுத்து ஆணி அடித்தார். கேட்காமலே நீட்டினேன், பார்க்காமலே வாங்கினார். "யாருடி இந்த முடிச்சு போட்டது, கழுத்தறுப்பு" என்றார். "உங்க பொண்டாட்டி" என்றேன். "அவ போட்டா அவுக்க முடியாதே" என்றார்.

அதன் பிறகு ஓர் ஆணி அவருடைய இடது கட்டைவிரலைக் கிழித்து ரத்தம் வந்தது. பழைய அடித்துணியில் ஒரு துண்டு கிழித்து நான் கட்டிவிட்டேன். ஒரு முடிச்சே போதும். இரண்டு போட்டேன்.

கிழிக்கும் சத்தமும் சுத்தியல் சத்தமும் கேட்டுக் குமாஸ்தா கதவைத் திறந்தபோது கவிழ்ந்த சோபாவும், தரையில் ரத்தமும், என் கையில் கத்திரியும் கண்ணில் பட்டன. நாங்கள் பதில் சொல்வதற்குள் ஓடிப்போய்க் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். அவர்மேல் குற்றமில்லை. அந்த அறையில் இதற்கு முன் பூந்தொட்டி பறந்திருக்கிறதாம்.

அதன் பிறகு நான் அடித்துணியைத் தைத்து முடித்தேன். சோபாவை நிமிர்த்தி, அவர் அந்த மூலையில் உட்கார்ந்தார், நான் இந்த மூலையில். யாரும் சரியவில்லை.

அந்த நேரம் வக்கீலம்மா வந்தார். குமாஸ்தா சொன்னதைக் கேட்டார், சோபாவைப் பார்த்தார், கட்டுப்போட்ட விரலைப் பார்த்தார். "அவசரமே இல்ல. இன்னும் கொஞ்ச நாள் யோசிக்கிறதுன்னாலும் யோசிங்க" என்றார். நான் என் வாழ்நாளில் முதல் தடவையாக வாயைத் திறக்காமல் இருந்தேன். என் கணவர் வெகுநேரம் சோபாவின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். அதன் பிறகு, "வேலைன்னா பேச வருதும்மா. வீட்டுப் படி ஏறுனா வரமாட்டேங்குது. பாவம், பாப்பா" என்றார். வக்கீலம்மா என்னைப் பார்த்தார். நான் பேனாவைக் கேட்டு வாங்கினேன்.

என் கையெழுத்தை நான் போட்டேன். என் கணவர் தன் படிக்கும் கண்ணாடியைத் தேடினார், சட்டைப் பையிலும் இல்லை, கருவிப் பையிலும் இல்லை. வக்கீலம்மா எல்லாவற்றையும் ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டினார். "எங்க போடணும்?" என்று என் கணவர் என்னைக் கேட்டார். நான் விரல் வைத்துக் காட்டினேன். போட்டார்.

அதன் பிறகு காவலர்கள் வந்தார்கள். அவர்களுடன் பேசுவதற்காக வக்கீலம்மா சோபாவின் நடுவில் உட்கார்ந்தார். சோபாவுக்குள்ளே கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்டது. நானும் என் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வக்கீலம்மாவிடம் சொல்லவில்லை.

என் கணவர் என்னை அடிக்கவில்லை, நான் அவரை அடிக்கவில்லை. சோபா இப்போது உறுதியாக இருக்கிறது. இதில் எழுதியிருப்பது நான் சொன்னதுதான். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கீழே என் கையெழுத்து.

நடந்தது இதுவே என்று ஒப்புக்கொண்டு என் கணவரும் கையெழுத்திட்டிருக்கிறார். கண்ணாடி இல்லாததால் நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் போட்டார். அந்த இடம் ஆய்வாளருடையது. ஆய்வாளர் தமது கையெழுத்தை அதற்குக் கீழே சற்று நெருக்கிப் போட்டிருக்கிறார்.