சிரிச்சே ஜெயிச்சவரு

இல்ல தம்பி, வராதீங்கன்னு சொல்லல. உடனே உள்ள போக வேணாம்னுதான் சொன்னேன். கொஞ்ச நேரம் இப்படி உக்காருங்க. நாற்காலியில இருக்குற துணியைத் தள்ளி வெச்சுக்கோங்க, எல்லாம் பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம், இடுப்பு பிரிச்சுத் தைக்கணும். பழத்தை மேசை மேல வைங்க. ஞாயித்துக்கிழமை ஆனா இவ்வளவு வாங்கிட்டு வந்துடுறீங்க, ஆப்பிளையெல்லாம் அவருக்குத் துருவித்தான் குடுக்க முடியுது.

நான் மெஷினை ஓட்டிக்கிட்டே பேசுறேன், தப்பா எடுத்துக்காதீங்க. கை சும்மா இருந்தா எனக்குப் பேச்சு வராது.

உங்க அண்ணனோட சிரிப்பை நீங்க குத்துச்சண்டை ரிங்லதான பாத்தீங்க. அது எங்க பாத்ரூம்ல பொறந்த சிரிப்பு தம்பி. கல்யாணமான புதுசு. குளிக்கப் போன மனுஷன் வெளிய வரக் காணோம். கதவு சும்மா சாத்தியிருந்துச்சு, தள்ளிப் பாத்தேன். காதுல, கழுத்துல, கைச்சதையில எல்லாம் துணி காயப்போடுற கிளிப்பை மாட்டிக்கிட்டு, கண்ணாடியைப் பாத்துச் சிரிச்சிட்டு நிக்கிறாரு. கண்ணுல தண்ணி ஒழுகுது, வாய் சிரிக்குது. இவங்க வீட்ல எதையோ மறைச்சு என் தலையில கட்டிவெச்சுட்டாங்கன்னே நெனச்சுட்டேன்.

அப்புறம்தான் சொன்னாரு. அதுவரைக்கும் வரிசையாத் தோத்துக்கிட்டிருந்தாராம். அவங்க மாஸ்டர், அதான் பயிற்சி குடுத்தவரு, கூப்பிட்டு, உன் கை நல்லாத்தான்டா இருக்கு, மூஞ்சிதான் உன்னைக் காட்டிக் குடுக்குதுன்னாராம். விலாவுல ஒண்ணு விழுந்தா இவரு முகம் சுருங்குது, எதிராளி அதைப் பாத்துட்டு அதே எடத்துல மறுபடியும் போடுறான். அவ்வளவுதான் விஷயம்.

சிரிப்போட நிக்கல. கை குலுக்கும்போது கண் இமைக்காமப் பாக்குறது. ஒரு ரவுண்டுக்கும் அடுத்த ரவுண்டுக்கும் நடுவுல ஸ்டூல் போட்டா உக்காராம நிக்கிறது, எனக்கு அசதியே இல்லங்குற மாதிரி. வீட்டுக்கு வந்தப்புறம் கெண்டைக்கால் துடிக்கிற துடிப்பு எனக்குத்தான் தெரியும். கட்டிப் புடிச்சு நிக்கும்போது எதிராளி காதுகிட்ட, சாப்பிட்டாச்சான்னு கேப்பாராம், சொந்தக்காரங்க மாதிரி. உங்ககிட்டயும் கேட்டாரா? கேக்காம இருப்பாரா.

ஆனா மத்ததெல்லாம் சும்மா. சிரிப்புதான் அவரு ஆயுதம். அடி பலமா விழ விழ, சிரிப்பு அகலமாகும். போலீஸ்ல இருந்த ஒருத்தரு, நல்ல உயரம், அடிச்ச அடியில வேற யாரா இருந்தாலும் படுத்திருப்பாங்க. இவரு சிரிக்கச் சிரிக்க அந்த ஆளுக்குக் கை ஓயுது. கடைசியில தோத்துட்டு, உடை மாத்துற ரூம்ல உக்காந்து அழுதாராம். செத்தவனை அடிக்கிற மாதிரி இருந்துச்சுன்னு. அதுக்கப்புறம்தான் எல்லாரும் சிரிப்புன்னே பேரு வெச்சுட்டாங்க. எனக்குக் கூட, சிரிப்போட சம்சாரம்னுதான் பேரு.

என்ன, மாட்டின சிரிப்பைக் கழட்டத் தெரியல அவருக்கு. எங்களுக்கு ஒரு கொழந்தை பொறந்து தங்காமப் போச்சு, தெரியுமில்ல. தெரியாதா. டாக்டரம்மா வந்து சொல்றாங்க, இவரு கட்டில் ஓரமா நின்னு சிரிக்கிறாரு. எங்க அம்மா எந்திரிச்சு வெளிய போயிட்டாங்க. நான் ரொம்ப நாள் அந்த மனுஷன்கிட்ட பேசல. அப்புறம் ஒருநாள் நர்ஸ் சொல்லித்தான் தெரியும், அன்னைக்கு வராந்தாவுல சாஞ்சு நின்னவரைத் தொட்டா, சட்டை முதுகு பூரா நனைஞ்சு ஒட்டியிருந்துச்சாம்.

இருங்க, நூல் மாட்டிக்கிச்சு.

உங்க போட்டியைப் பத்தி நான் புதுசா சொல்ல என்ன இருக்கு. இதே நாற்காலியில உக்காந்து நீங்களே சொல்லியிருக்கீங்க. அடிச்சேன், சிரிச்சாரு, பயந்துபோய் இன்னும் பலமா அடிச்சேன்னு. அன்னைக்கு நடுவர் ரெண்டு தடவை கிட்ட வந்து பாத்தாரு. முகத்தைப் பாத்தாரு, சரின்னு விட்டுட்டாரு. மாஸ்டர் துண்டைக் கையில வெச்சுக்கிட்டே நின்னாரு, அதை உள்ள போட்டா போட்டி முடிஞ்சுது, ஆனா போடல. நான் முன்னாடி வரிசையில உக்காந்திருந்தேன். சேந்து படுத்து எந்திரிச்சவ, எனக்கே அது எந்தச் சிரிப்புன்னு தெரியல. நீங்க வெளியாளு, உங்களுக்கு எப்படித் தெரியும். அதனால நான் உங்களைக் குத்தம் சொல்லவே இல்ல, இன்னைக்கும் சொல்லல. சட்டப்படி அடிச்சீங்க. அவரு விழும்போதும் சிரிச்சுக்கிட்டேதான் விழுந்தாரு.

ஆஸ்பத்திரியிலேருந்து கூட்டிட்டு வந்தப்போ முகத்துல ஒண்ணுமே இல்ல. கழுவி வெச்ச தட்டு மாதிரி இருந்துச்சு. பேச்சு இல்ல, ஆள் அடையாளம் இல்ல. எங்க அண்ணன் வந்தா செவுத்தைப் பாக்குற மாதிரி பாப்பாரு. என்னையும் அப்படித்தான். ஊட்டினா வாயைத் தொறப்பாரு, அவ்வளவுதான்.

ஒரு வாரம் திடீர்னு சிரிக்க ஆரம்பிச்சாரு. எனக்குத் தல கால் புரியல. எல்லாருக்கும் போன் பண்ணேன். பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் வந்து பாத்து, நல்லாயிட்டு வர்றாரும்மான்னு என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க. நானும் அவரு முன்னாடி உக்காந்து கூடச் சேந்து சிரிச்சேன் தம்பி. வாரக் கடைசியில கன்னம் பொம்முனு வீங்கிடுச்சு. பல் டாக்டர் வாயைத் தொறந்து பாத்துட்டு என்னைப் பாத்தாரு. கடைவாய்ப் பல்லு வேர் வரைக்கும் அழுகி, சீழ் வெச்சிருக்கு. இத்தனை நாள் இந்த வலியோட எப்படிம்மா இருந்தாருன்னு கேக்குறாரு. பல்லைப் புடுங்கி மருந்து குடுத்தாங்க. வலி அடங்கினதும் சிரிப்பும் நின்னுச்சு.

அப்பத்தான் எனக்குப் புடிபட்டுச்சு. மூளையில எல்லாம் போயும் அந்தப் பழக்கம் மட்டும் போகல. இப்ப அவரு சிரிச்சா நான் தேடுவேன். எங்க புண்ணு, எங்க சுளுக்கு, படுக்கையில ஏதாச்சும் உறுத்துதா. ஏதாவது ஒண்ணு இருக்கும். இல்லாம இருந்ததே இல்ல.

உங்க விஷயத்துல மட்டும்தான் எனக்கு ரொம்ப நாள் புரியல. ஆமா, போன வாரம் நீங்க அழுதீங்களே, எனக்கு ஞாபகம் இருக்கு. யாரையும் தெரியாதவருக்கு என்னைத் தெரியுது அண்ணி, என்னை மன்னிச்சுட்டாருன்னு. என்னைப் பாத்ததும் எப்படி முகம் மலருதுன்னு. பாவம், இந்தப் புள்ள இனியாவது நிம்மதியாத் தூங்கட்டும்னு நெனச்சேன்.

அப்புறம் வாரம் பூரா யோசிச்சேன். நீங்க வந்து உக்காந்தா அவரு, ரிங்ல அடி தடுக்குற மாதிரி, தாடையை நெஞ்சோட ஒட்டிக்குறாரு. எடது தோள் மேல ஏறுது. போர்வைக்குள்ள இன்னொரு கை முஷ்டியா மடங்குது. நீங்க கையைப் புடிச்சுப் பேசிட்டிருப்பீங்க, உங்களுக்குத் தெரியாது. நீங்க போனதும் துணி மாத்தும்போது பாத்தா, உடம்பெல்லாம் வேர்வை.

அழாதீங்க. நீங்க நல்லவருன்னு எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதே தம்பி. அவருக்கு இன்னும் யாரும் போட்டி முடிஞ்ச மணி அடிக்கல.

பழம் இருக்கட்டும், நான் துருவிக் குடுக்குறேன். நீங்க கெளம்புங்க. மனசு கேக்கலேன்னா கடைத்தெருவுல என்னைப் பாத்துப் பேசுங்க, இங்க வேணாம்.

எட்டிப் பாக்கணுமா? வேணாம். நீங்க படியேறும்போதே சிரிக்க ஆரம்பிச்சுட்டாரு. சத்தம் போடாம எறங்குங்க, நீங்க தெருவுக்குப் போய்ச் சேந்தாத்தான் அவரு முகம் எறங்கும்.