கெணத்துமேட்டு மரம்

ஹலோ... ஆமா, தாட்சாயணி நர்சரிதான்... யாரு?... சத்தமா பேசுங்க, மோட்டார் ஓடினு கீது... பொன்னியம்மா, அந்த மோட்டாரை நிறுத்தேன்! செடிக்குத் தண்ணி அப்புறம் காட்டலாம்... ஆங், இப்போ பேசுங்க...

முரளியா? அட, டல்லாஸ் தொரையா! இன்னாடா தம்பி, அக்கா ஞாபகம் வந்துட்டுது? அங்க இந்நேரம் நடுராத்திரி ஆச்சே. தூங்காம போன் பண்றேன்னா உனுக்கு ஏதோ வேலையாவணும்...

ஆங்... ஆங்... நல்லாத்தான் கீறேன். எனக்கு இன்னா கொறச்சல்? செடி விக்கறேன், சோறு துன்றேன்... நர்சரியா? நடக்குது. புத்தூர் ரோட்ல போற கார்க்காரன்லாம் எறங்கி, "மேடம், தண்ணி ஊத்தாம வளர்ற செடி கீதா"ன்னு கேக்கறான். பிளாஸ்டிக்ல வாங்கிக்கய்யான்னு அனுப்பிடறேன்... சிரிக்காத. நீயும் அந்த ரகம்தான்.

இன்னாது?... ஆர்டரா? நீ எனக்கு ஆர்டர் குடுக்கறியா?... சொல்லு, சொல்லு... பாம் மரம்... ரோட்டுக்கு ரெண்டு பக்கமும்... ஆங்... குரோட்டன்ஸு... பிளாட்டுக்கு ஒரு மாங்கன்னு ஃப்ரீயா! யப்பா! யாருதுடா அந்த பிளாட் போடற வெஞ்சரு?... வெங்கடரமணனா? உங்கூட காலேஜ்ல படிச்சானே, அவனா? ஒரு நாளு இங்க வந்து வேப்பங்கன்னைக் காட்டி, "கறிவேப்பிலை எவ்ளோ"ன்னு கேட்டானே, அவன்தானே? அவன் ஊரைப் பச்சையாக்கப் போறான்!

பாம் மரம் எதுக்குடா? நெழலும் கெடையாது, பழமும் கெடையாது. புங்கன் வை, நாவல் வை. நம்ம மண்ணுல சொல்லாமலே வளரும்... லுக்கா?... ஆமா ஆமா, லுக்கு. சித்திரை வெயில்ல அந்த லுக்குக்குக் கீழ நின்னு பாரு, தெரியும்.

சரி, எடம் எங்க கீது?... நகரி போற வழியில... ஆங்... ஏரிக்கரை தாண்டி... ஆங்...

முரளி. அது நம்ம கொல்லை நெலம்டா.

... இல்ல, இரு. நான் பேசறேன். நைனா போனப்புறம் பாகம் பிரிக்காத கெடக்குது, நீ பாட்டுக்கு அங்க உக்காந்துகினு வெல பேசிட்டியா? அந்தச் செடி ஆர்டரு சும்மா கண்துடைப்பு. ரிஜிஸ்டர் ஆபீசுல அக்கா கையெழுத்தும் வேணும்னு சொல்லிட்டான், அதானே?... அதானே! அதை நேரா கேக்க வக்கில்ல, குரோட்டன்ஸை முன்னால விட்டுகினு வர்றே. அவ்ளோ தூரம் போய் கத்துக்கினது இதானா?

... தெலுங்குல கெஞ்சாத. உனுக்கு வெக்கம் வந்தாத்தான் தெலுங்கு வரும், சின்ன வயசுலேருந்தே பாத்துகினு கீறேன்.

அப்போ மரம்?... எந்த மரமா? கெணத்துமேட்டு மாமரம்டா!... வேற மரமா? எங்க கீது வேற? அது தானா மொளச்ச ரகம், ஊர்ல ஒண்ணே ஒண்ணு. பலமநேர்லேருந்து, வேலூர்லேருந்து அந்தக் கன்னு ஒண்ணுக்குத்தான் என்னைத் தேடிக்கினு வர்றான். எல்லாம் அந்த மரத்துலேருந்து குச்சி எடுத்து நான் ஒட்டு கட்டினது. மரம் போச்சின்னா என் நர்சரி இன்னா, பூத்தொட்டி விக்கற கடை...

கொட்டையா? நெஜமாத்தான் பேசறியா? கொட்டை போட்டா அதே ரகமா வரும்? நைனாவுக்கு நீ பொறந்தியே, அவரு மாதிரியா கீறே?... ஒட்டுன்னா குச்சியில இருக்கற இலையை மொதல்ல கிள்ளிடணும். கிள்ளி, ஒரு வாரம் பத்து நாளு மரத்துலயே விடணும். துளிர்க்கண்ணு உப்பி வரும். அப்போ வெட்டினாத்தான் புடிக்கும். இதெல்லாம் உனுக்கு எங்க தெரியப் போவுது? நீ கீழ நின்னு பழம் துன்னவன்.

வாங்கினு போனவங்ககிட்ட கேக்கறதா?... இங்க கட்டினதெல்லாம் வித்துப்போச்சி; அவங்ககிட்ட கீறது எல்லாம் நேத்து வெச்ச கன்னு, முழுசா கெளை கூட விடல. அதுவுமில்லாம, வித்தவளே போயி வாசல்ல நின்னு குச்சி பிச்சை கேக்கணுமா? நல்ல யோசனை.

... சரி. கேளு... கேளுடா. கையெழுத்து போடறேன்... ஆமா, போடறேன். கொல்லையை வித்துக்கோ. அந்த ஒரு மரத்தை மட்டும் இந்த மழைக்காலம் தாண்டறவரைக்கும் விடச் சொல்லு, அதுக்குள்ள குச்சி எடுத்து ஒட்டு கட்டிக்கறேன். நான் வேணும்னா வெங்கடரமணன்கிட்ட நேரா போயி கேக்கறேன்... கெஞ்சறேன்னே வெச்சிக்கோ...

ஆங்... ஆங்... நீயே சொல்லிட்டியா?... தொடவே மாட்டாங்களா?... சுத்தி பெஞ்சு போட்டு பார்க் பண்றாங்களா? ஏன்டா, நீ எப்போலேருந்து இவ்ளோ நல்லவனாயிட்டே?

அப்போ ஒண்ணு பண்ணு. காணிப்பாக்கத்து சாமி மேல சத்தியம் பண்ணு, பொய் சத்தியம் பண்ணவனை அவரு விடமாட்டாரு... போன்லயே பண்ணு, அவருக்குக் கேக்கும்... "மரத்தைத் தொட மாட்டாங்க, விநாயகர் சாட்சி"ன்னு சொல்லு, போதும்...

முரளி... ஹலோ... லைன்ல கீறியா?... சொல்லேன்டா... ஏன் வாயைத் தொறக்க மாட்டேன்றே?

...

எப்போ?

... இன்னிக்கா? விடியகாலையிலயா?... ஜேசிபி வெச்சா?...

இல்ல. அழல. உங்கிட்ட போயா அழுவேன்?... தூ. அக்காகிட்ட பொய் சொல்ல பயமில்ல, சாமிகிட்ட சொல்லத்தான் பயம். காணிப்பாக்கம் இல்லன்னா இன்னிக்கு என்னை பார்க் பெஞ்சுல உக்கார வெச்சிருப்பே...

வேரோடயா சாச்சாங்க?... ஆங்... அங்கியே கெடக்குதா? கெளையை அறுத்துட்டாங்களா?... தெரியாதா. உனுக்கு இன்னாதான் தெரியும்?

பொன்னியம்மா! எல்லாத்தையும் போட்டுட்டு வா! கோணியை நனைச்சி எடுத்துக்கோ, ஒட்டுக்கத்தி எடுத்துக்கோ. சிட்டிபாபு ஆட்டோவைக் கூப்பிடு... ஆமா, கெணத்துமேட்டு மரம்தான். சாச்சிட்டானுங்க... இலை கிள்ளாத குச்சிதான், எனக்குத் தெரியாதா? வாடறதுக்குள்ள வெட்டிக்கினு வந்துடலாம். நூத்துக்கு அஞ்சு புடிச்சாலும் போதும். ஒண்ணு புடிச்சாலும் போதும்...

இன்னும் லைன்லதான் கீறியா?... இன்னா?... கையெழுத்தா? இப்பவும் அதையேவா கேக்கறே?

போடறேன்டா. நான் கட்டற ஒட்டுல ஒண்ணாவது துளிர் விடட்டும், அன்னிக்கு வந்து போடறேன்... துளிர்க்கலன்னாவா?... துளிர்க்கலன்னா கொல்லையும் இல்ல, வெஞ்சரும் இல்ல. இனிமே உனுக்கும் அந்த மரம் பொழைச்சாவணும். உக்காந்து நல்லா வேண்டிக்கோ. வை போனை.