சீமைச்சாமந்தித் தண்ணி

சீமைச்சாமந்தியைக் கொதிக்கிற தண்ணியில போடக் கூடாதும்மா. அடுப்பை அணைச்சு, கொதி அடங்கினப்புறம் போட்டு மூடி வைக்கணும். நம்ம பார்சலோனாவிலயே நிறைய பேருக்கு இது தெரியறதில்ல. போட்டுக் கொதிக்க விட்டுட்டு, கசக்குதுன்னு மூஞ்சியைச் சுளிப்பாங்க. உக்காரு, உனக்கும் ஒரு கோப்பை தர்றேன். எல்வீரா பால்கனியில இருக்கா. கதவைச் சாத்திட்டா இங்க பேசறது அங்க கேக்காது.

அவளைப் பத்திப் பத்திரிகையில எழுதணும்னு வந்திருக்கே, சந்தோஷம். உள்நாட்டுச் சண்டைக்கு அப்புறம் யாரும் வந்ததில்ல. லண்டன் புல்தரையில நம்ம நாட்டுப் பொண்ணு ஒருத்தி அரையிறுதி வரைக்கும் போனா. அந்தக் காலத்தில அது சின்ன விஷயமா? முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ நிக்கற பாவாடை போட்டு ஆடினான்னு எங்க பங்குச் சாமியார் பேர் சொல்லாம பிரசங்கத்தில வறுத்தெடுத்தார். இவ முதல் வரிசையில உக்காந்து கேட்டா. வெளிய வந்ததும், "சாமியார் பந்தைப் பார்க்கவே இல்லக்கா"ன்னு சொல்லிச் சிரிச்சா. சுபாவமே அப்படி, எதையும் துடைச்சுப் போட்டுட்டுப் போயிடுவா.

அவ்வளவு நல்லா ஆடிக்கிட்டிருந்தவ இருபத்தஞ்சு வயசில ஏன் நிறுத்தினான்னு கேக்கறே. சொல்றேன். எனக்கு மறைக்க ஒண்ணுமில்ல. இதுவரைக்கும் யாரும் என்னைக் கேக்கல, அதான் சொல்லல.

நான் அவளுக்கு எட்டு வயசு மூத்தவ. பேரு ரெமேய். அம்மா சீக்கிரமே போயிட்டா. அப்பா ஆன்செல்முக்கு நூல் மில்லு. ஒரு கண்ணில வெண்ணெய், ஒரு கண்ணில சுண்ணாம்புன்னு அவர் எங்களை வளர்க்கல, அதை நான் சொல்லியாகணும். எனக்குப் பியானோ வாங்கித் தந்தார், அவளுக்கு டென்னிஸ் மட்டை வாங்கித் தந்தார். பியானோவைத் தூக்கிக்கிட்டு வெளியூர் போக முடியாது, வித்தியாசம் அவ்வளவுதான்.

அப்ப சட்டம் ஒண்ணு இருந்துச்சு. கல்யாணம் ஆகாத பொண்ணு இருபத்தஞ்சு வயசு வரைக்கும் அப்பா அனுமதி இல்லாம வீட்டை விட்டுப் போகக் கூடாது. அப்பா அனுமதி குடுத்தார், ஆனா ரெமேய் கூடப் போகணும்னார். மானமுள்ள வீட்டுப் பொண்ணு தனியா ரயில் ஏற மாட்டா இல்லையா. அதனால நானும் போனேன். பாரிஸ், சான் ரெமோ, லண்டன். ஆடுகளத்து ஓரத்தில அவ கம்பளிச் சட்டையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். டென்னிஸ் கிளப்புப் பொம்பளைங்க என்னைப் பார்த்தா, "அதோ, எல்வீராவோட மூணாவது மட்டை வருது"ம்பாங்க. எனக்குக் கோபம் வந்ததில்ல. சான் ரெமோவில கடலைப் பார்த்த மேசையில தனியா உக்காந்து காபி குடிச்சிருக்கேன். அங்க யாருக்கும் நான் கல்யாணம் ஆகாதவள்னு தெரியாது. நான் சந்தோஷமா இருந்தது அந்த நாட்கள்லதான். வீட்டுக்கு வந்தா அப்பா காலுக்கு வெந்நீர், அப்பாவுக்கு சூப்பு, அப்பாவோட ஜெபமாலை.

நம்ம ஊர் ஆடுகளம் செங்கல் பொடித் தரை. காத்தடிச்சா கண்ணெல்லாம் செம்மண்ணு. அதனால தினமும் சாயங்காலம் சீமைச்சாமந்தித் தண்ணியில அவ கண்ணைக் கழுவி விடுவேன். என் மடியில தலையை வெச்சுப் படுத்துக்குவா. சின்ன வயசிலிருந்தே அது என் வேலை.

அவளுக்கு இருபத்தஞ்சு முடிஞ்ச அன்னிக்கு சாக்லேட் கேக் செஞ்சிருந்தேன். சாப்பிட்டுக்கிட்டே, கடல் தாண்டி பியூனஸ் அயர்ஸ்ல ஒரு வருஷம் ஊர் ஊரா ஆடக் கூப்பிட்டிருக்காங்கன்னா. அந்த வாரக் கப்பல்ல டிக்கெட்டும் எடுத்தாச்சாம். ஒரு டிக்கெட்டு. அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டா.

"இனிமே நீ என் பின்னாடி அலைய வேண்டாம்க்கா. எனக்காக எவ்வளவு கஷ்டப்பட்டுட்டே. வீட்டில அப்பாவோட நிம்மதியா இரு."

ரொம்பப் பிரியமாத்தான் சொன்னா. அதில எனக்குச் சந்தேகமே இல்ல. நான் இன்னொரு துண்டு கேக்கு வெட்டி அவ தட்டில வெச்சேன்.

ஆடுகளத்துக் கோடெல்லாம் அப்ப சுண்ணாம்பில போடறது. ஃபெலியுன்னு ஒருத்தர் தரையைப் பார்த்துக்கிட்டார். சுண்ணாம்புத் தூள் வாளி அவர் குடிசை வாசல்லயே இருக்கும். கைக்குட்டையில கொஞ்சம் முடிஞ்சுக்கிட்டு வந்தேன். கொஞ்சம்தான். கண்ணு நாலு நாள் சிவந்தா கப்பல் போயிடும், அதுக்கப்புறம் வீட்டிலயே இருப்பான்னு கணக்குப் போட்டேன். நியாயமான கணக்குதான் அது.

அன்னிக்கு சாயங்காலம் வழக்கம்போல மடியில படுத்தா. ஊத்தினேன்.

"எரியுதுக்கா."

"எரிஞ்சாத்தாண்டி தூசி போகும்."

சரின்னு கண்ணைத் திறந்தே வெச்சிருந்தா. நான் சொன்னா கேப்பா.

கப்பல் போயிடுச்சு. டாக்டர் வந்து பார்த்துட்டு, ஆடுகளத்துச் சுண்ணாம்பு காத்துல பறந்து பட்டிருக்கு, விடாம கழுவுங்கன்னுட்டுப் போனார். கழுவினேன். ஒழுங்காத்தான் கழுவினேன், வெறும் சாமந்தித் தண்ணியில. நல்லா ஆகிட்டே வந்துச்சு. அப்பதான் பியூனஸ் அயர்ஸ்ல இருந்து தந்தி வந்துச்சு, உடம்பு தேறி அடுத்த கப்பல்ல வந்தா போதும்னு. அவ படுத்தபடியே கையைத் தட்டினா. அன்னிக்கு மறுபடியும் ஃபெலியு குடிசைப் பக்கம் போனேன். ரெண்டாவது தடவையும் கொஞ்சம்தான் போட்டேன். அதுக்கப்புறம் அவளுக்குக் கப்பல் தேவைப்படல.

நான் அழல. அழுகை வரல. இப்பவும் வராது, அதனால நீ தர்மசங்கடப்பட வேண்டாம்.

ஃபெலியுவை கிளப்பில வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. அவர் கவனக்குறைவுதான் காரணம்னாங்க. ஒரு மத்தியானம் எங்க வீட்டு வாசல்ல தொப்பியைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்து நின்னார்.

"சின்னம்மா, நான் தண்ணியில கரைச்சுதான் கோடு போட்டேன். ஈரச் சுண்ணாம்பு பறக்காது. பிள்ளைங்கமேல சத்தியம்."

"தெரியும் ஃபெலியு. நான் கிளப்பிலயும் சொல்லிட்டேன், அவங்க கேக்கல"ன்னு எல்வீரா சொன்னா. அவர் படியிறங்கிப் போனார். அப்புறம் நான் நின்ன பக்கம் முகத்தைத் திருப்பி, "அவர் சொன்னதை நீயும் கேட்டே இல்லக்கா?"ன்னா. கேட்டேன்னு சொன்னேன். ஃபெலியு சபதேல் பக்கம் எங்கயோ செங்கல் சூளைக்குப் போயிட்டதாப் பேச்சு. பாவம், நல்ல மனுஷன். நான் வாயைத் திறந்திருக்கலாம்தான். ஆனா யாரும் என்கிட்ட கேக்கல.

அதுக்கப்புறம் நாங்க பிரிஞ்சதே இல்லம்மா. சண்டைக் காலத்தில குண்டு விழுந்தப்ப, சுரங்க ரயில் படியில அவ கையைப் பிடிச்சு இறக்கினது நான். அப்பா போனப்ப சவப்பெட்டி எங்க இருக்குன்னு அவ விரலை வெச்சுக் காட்டினது நான். கடல்பக்கம் நடக்கக் கூட்டிட்டுப் போறதும் நான்தான். தினமும் ஒரே மேசையில காபி. யோசிச்சுப் பாரு, அவ பியூனஸ் அயர்ஸ் போயிருந்தா யார் பார்த்திருப்பா? ஆடறவங்களுக்கு என்னிக்காவது முழங்கால் போகும், முதுகு போகும். அப்புறம் தனியா நிக்கணும்.

அவளும் குறை சொன்னதில்ல. பால்கனிக்கு எதிர்ல கிளப்பில ஆடற சத்தம் கேக்கும். பந்து மட்டையில படற சத்தத்தை வெச்சே, "வெளிய போகும்"பா. போயிடும். அவ சொன்னது தப்பினதில்ல.

கண்ணு கழுவறதை நாங்க விடல. பார்வை போனாலும் கண்ணு காஞ்சு உறுத்துமில்ல. இப்பகூட அதுக்குத்தான் தண்ணி வெச்சேன். ஃபெலியு வந்துட்டுப் போன அன்னிலிருந்து அவ ஒரு வழக்கம் வெச்சிருக்கா. நான் கிண்ணத்தோட போய் உக்காந்ததும், "முதல்ல உனக்கு ஊத்திக்கோக்கா"ம்பா. நான் என் ரெண்டு கண்ணையும் அந்தத் தண்ணியில கழுவிக்கணும். விரலால என் இமையைத் தொட்டு, ஈரம் இருக்கான்னு பார்ப்பா. கொஞ்ச நேரம் காத்திருப்பா. எரியுதான்னு கேப்பா. இல்லேன்னு நான் சொன்னப்புறம்தான் என் மடியில தலையை வெப்பா. ஒரு நாள்கூட மறந்ததில்ல.

இந்த வயசிலயும் அவளுக்கு என் கண்ணுமேல அவ்வளவு அக்கறை.