துண்டுல வந்த பூச்சி

தேளுன்னு யாருங்க தம்பி சொன்னது? இந்த ஜோதியம்மா வீட்டுல தேளா! துண்ட ஒதறினீங்க, ஒரு பூச்சி உழுந்துச்சு... அதுக்குப் போயி குடிவந்த மொத நாளே டம்ளர்ல புடிச்சிகினு வந்து நிக்கறீங்களே! குடுங்க இப்பிடி. தேளுக்கு இடுக்கி முன்னாடி இருக்கும். இதுக்குப் பாருங்க, பின்னாடி கீது. காலை எண்ணுங்க... ஆறுதான? இது வெறும் இடுக்கிப் பூச்சி, வெஷம் கெடையாது. காதுல பூந்துடும்னு சொல்றதெல்லாம் சுத்தப் பொய்யி. எனக்கு ரெண்டு காதும் நல்லாத்தான கேக்குது?

போன மாசம் தென்றல்னு ஒரு பொண்ணு இதே ரூம்ல இருந்துச்சு. ஆசிரமத்துக்கு தியானம் பண்ண வந்த பொண்ணு. கண்ண மூடி ஒக்காந்தா பூச்சி மடியில ஏறுதுன்னு பத்தே நாள்ல காலி பண்ணிட்டுப் போயிடுச்சு. நீங்களும் போயிட்டீங்கன்னா ரூம் பூட்டித்தான் கெடக்கணும். பயமா கீது தம்பி, நெசமாத்தான் சொல்றேன்.

எல்லாம் பக்கத்து வீட்டு பலராமனாலதான். வாழமரத்துக்கு அவரு உடற தண்ணி, அந்த ஈரம்... ஈரம்னா இதுங்களுக்கு உசுரு. நானும் இன்னாதான் பண்ணல? பேப்பர நனைச்சு சுருட்டி வெச்சு, உள்ள பூந்ததயெல்லாம் காலையில சோப்புத் தண்ணியில ஒதறினேன். செவுத்து வெடிப்ப சிமெண்ட் வெச்சு அடைச்சேன். வாசல் லைட்டக்கூட போடறதில்ல. கம்மியாவ மாட்டேன்னுது, ஜாஸ்திதான் ஆவுது!

ஐயோ, அங்க குச்சிய உட்டுக் கெளறாதீங்க! ஒங்க ஜன்னலுக்குக் கீழ இருக்கறது குப்பை இல்ல தம்பி, அண்ணாமலையாரு மாலை. பிரதோஷம், பௌர்ணமின்னு கோயிலுக்குப் போறப்பல்லாம் குருக்கள் குடுக்கறாரு. கால் படற எடத்துல போட முடியுமா? அதான் செடியடியில குமிச்சு, சீக்கிரம் மக்கட்டும்னு தெனமும் ரெண்டு சொம்பு தண்ணி... அம்மாடி! எத்தினி ஓடுது! குடும்பம் குடும்பமா கீதே!

செரி... செரி, என் தப்புதான். இன்னிக்கே எடுத்துடறேன். பைய எதுக்குத் தூக்கறீங்க? தம்பி... தம்பி! அது பலராமன் வீட்டு கேட்டு! அங்க ரூம் காலியா கீதுன்னு யாரு சொன்னது? போவாதீங்க! குமியல் ஜாஸ்தியாயிடுச்சேன்னு நேத்துதான், கால் படாத எடமா பாத்து, பாதி மாலைய அந்த ரூம் ஜன்னலுக்குக் கீழ தள்ளி உட்டேன்!