கிராம்பு அடக்கிய நாவுக்கு நாற்பத்தொருவர் வணக்கம்

பழனிக் கடைவீதி மளிகைக் கடை பெற்றெடுத்த மாணிக்கமே! படுக்கை விரிப்பின் சுருக்கம் முதல் பணியாளரின் மனச்சுருக்கம் வரை நீவி நேராக்கிய நேர்த்தியே! முப்பத்தொரு ஆண்டுகள் இம்மலை விடுதியில் முணுமுணுப்பின்றி உழைத்த முதல்வியே! எங்கள் அமீருன்னிசா அம்மையீர், தங்களை வணங்குகிறோம்.

வணங்கும்போதே கோபமும் வருகிறது. அதை மறைத்துப் பாராட்ட எங்களுக்குத் தெரியவில்லை. இந்த வழியனுப்பு விழா மேடையில் அமர்ந்திருக்கும் பொது மேலாளர் அவர்களிடம் நேற்று ஒப்புதலுக்குக் கொடுத்த மடல் வேறு. கடமை, கண்ணியம், கனிவு என எல்லாம் அதில் இருந்தன. அவரும் ஒரு காற்புள்ளியைத் திருத்திக் கையொப்பமிட்டார். இப்போது அலுவலகத் தட்டச்சர் சுசித்ரா வாசிப்பது நாங்கள் எழுதியது.

அறை துப்புரவுப் பணியில் சேர்ந்து, மேற்பார்வையாளராகி, பதினோரு ஆண்டுகள் புதியவர்களைப் பழக்கிய பெருந்தகையே! அப்படிப் பழக்கியதற்கு மதிப்பில்லை என்று மூன்றாண்டுகளுக்கு முன் தங்களிடம் சொன்னவரும் இதே மேலாளர்தான். “சர்டிபிகேட் இல்லாம பேசுனா அது அட்வைஸ்மா, கோச்சிங் இல்ல” என்றார். ஐம்பத்தைந்து வயதில், அங்கீகாரம் பெற்ற கோச்சிங் பயிற்சி நிறுவனம் ஒன்றில் இணையவழியே சேர்ந்தீர்கள். அறுபது மணி நேர வகுப்பு, நூறு மணி நேரப் பயிற்சி உரையாடல், பதிவு செய்த உரையாடலுக்கு மதிப்பீடு, பிறகு தேர்வு. மழையில் இணைப்பு அறுந்தபோதெல்லாம் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினீர்கள். குடை பிடித்தது எங்கள் ஓட்டுநர் செல்லப்பாண்டி. அந்த வகுப்பில் பாதியைத் தானும் கேட்டதால் தனக்கும் பாதிச் சான்றிதழ் வேண்டும் என்று அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

முதல் பதிவே திரும்பி வந்ததை மறப்போமா! எதிரில் இருப்பவர் தன் வழியைத் தானே கண்டடையும் வரை கேள்வி கேட்டுக் காத்திருப்பதே கோச்சின் வேலை. தாங்களோ அரை மணி நேரத்தில் இருபத்திரண்டு நிமிடம் தாங்களே பேசியிருந்தீர்கள். ஆளை ஏவியே பழகிய வாய் சும்மா இருக்குமா? அதற்குத் தாங்கள் கண்ட மருந்துதான் கிராம்பு. உரையாடலுக்கு உட்காருமுன் ஒரு கிராம்பை எடுத்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்வீர்கள். அறிவுரை நாக்கு நுனிக்கு வந்தால் அதைக் கடிப்பீர்கள். துணிகள் அடுக்கிய அந்தச் சின்ன அறையில் கிராம்பு வாசனை எழுந்தால், அம்மா எதையோ சொல்லாமல் விழுங்குகிறார் என்று எங்களுக்குத் தெரியும்.

அந்த நூறு மணி நேரமும் நாங்கள்தான். சமையல்கட்டும் தோட்டமும் வரவேற்பறையும் முறை வைத்து வந்து தங்கள் எதிரே அமர்ந்தோம். வீட்டில் சொல்ல முடியாததைச் சொன்னோம், சிலர் அழுதோம். எல்லாம் கேட்டுவிட்டு, “இதுல உங்க கையில என்ன இருக்குங்க?” என்று ஒன்றே ஒன்று கேட்பீர்கள். பதில் வரும் வரை அசையமாட்டீர்கள். எரிச்சலாக இருக்கும். ஆனால் பதில் வரும்.

எண்பத்து மூன்றாம் மணி சோலையம்மாளுடையது. அய்யம்பாளையத்திலிருந்து வந்து சலவைப் பகுதியில் வேலை செய்யும் சோலையம்மாளின் வலக்கை வெந்தது இவ்விடுதி முழுக்கத் தெரியும். எப்படி வெந்தது என்பதைத் தங்களிடம் மட்டுமே சொன்னார். அதன்பின் தொழிலாளர் அலுவலகத்துக்குப் பெயரில்லா மனு ஒன்று போயிற்று. மேலாளருக்குச் சோலையம்மாள் மேலும் தங்கள் மேலும் சந்தேகம். தங்களை அழைத்து, அந்த உரையாடல் பதிவைத் தரச் சொன்னார்.

அன்று மேலாளர் அறையில் சுசித்ரா இரண்டு கடிதங்களைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். ஒன்று, விடுதியின் பணியாளர் பயிற்சி மையத் தலைவராக இரண்டாண்டுப் பணி நீட்டிப்பு. மற்றது, இம்மாத இறுதியில் ஓய்வு. பதிவைக் கொடுத்தால் முதல் கடிதம் என்றார் மேலாளர்.

“அவங்க பேசுனது அவங்களோடதுங்க. அவங்களாச் சொன்னாச் சொல்லட்டும். எங்கிட்டருந்து ஒரு சொல்லு வெளிய வராது” என்றீர்கள். அவர் இரண்டாவது கடிதத்தில் கையெழுத்திட்டார். வெட்கக்கேடு! தங்கள் பெயர் பொறித்த சான்றிதழ் விருந்தினர் பார்க்க வரவேற்பறையில் தொங்குகிறது. தங்களுக்கு மட்டும் இடமில்லையாம். சான்றிதழ் வாங்கு என்று விரட்டியவரே, அது கற்றுத்தந்த முதல் ஒழுக்கத்தைக் கைவிடச் சொன்னால் எங்களுக்கு ஆத்திரம் வராதா?

தங்கள் மேலும் எங்களுக்குக் கோபம் உண்டு அம்மையீர். இத்தனையும் நடந்து இருபது நாள் ஆகிறது. எங்களிடம் ஒரு சொல் சொன்னீர்களா? எங்களுக்காகப் பதவியை இழந்துவிட்டு, கன்னத்தில் கிராம்போடு எங்களுக்கே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். சுசித்ரா முந்தாநாள் அழுதுகொண்டே சொல்லியிராவிட்டால், நாங்களும் சால்வையைப் போர்த்திக் கைதட்டி அனுப்பியிருப்போம். நினைத்தால் எங்கள் மேலேயே எங்களுக்கு வெறுப்பு வருகிறது.

அதனால் தங்கள் கேள்வியையே நாங்கள் எங்களிடம் கேட்டுக்கொண்டோம். எங்கள் கையில் என்ன இருக்கிறது? நாங்கள் பேசியது இருக்கிறது. அதைச் சொல்லத் தங்களுக்கு உரிமையில்லை, எங்களுக்கு உண்டு. சோலையம்மாள் இதோ சுசித்ராவின் பக்கத்தில் நிற்கிறார். அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறோம்:

“விரிப்பு தேய்க்கிற மிஷின்ல மூடி ஒடஞ்சு கெடக்குன்னு நாலு தடவ சொன்னேன். சீசன் முடியட்டும்னாக. கை உள்ள போயிருச்சு. வீட்டுல வெந்நி கொட்டிருச்சுன்னு எழுதிக் குடுக்கச் சொன்னாக. வேலை போயிரும்னு பயந்து எழுதிக் குடுத்தேன். அது பொய். மனு போட்டதும் நாந்தான். நிசாம்மா இல்ல.”

பொது மேலாளர் அவர்களே, தாங்கள் கேட்ட பதிவு இதுதான். இதன் நகல் காலையிலேயே தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய்விட்டது.

அம்மையீர்! பழனி அடிவாரத்துத் தங்கள் இல்லத்தில் நலமும் நீண்ட ஆயுளும் நிறைந்து வாழ்க! வருவோருக்கெல்லாம் தங்கள் கேள்வி கிடைக்கட்டும். இப்போது தங்களுக்கு ஏதோ சொல்ல வாய் துடிக்கிறது, இங்கிருந்தே தெரிகிறது. கிராம்பைக் கடித்துக்கொண்டு உட்காருங்கள். இன்று நாங்கள் பேசுகிறோம்.

தங்கள் அன்பும் ஆத்திரமும் மிக்க,
விடுதிப் பணியாளர்கள் நாற்பத்தொருவர், கொடைக்கானல்.

(முதல் கையெழுத்து சோலையம்மாளுடையது. எழுத்து கோணலாக இருக்கிறது, இடக்கையால் போட்டிருக்கிறார்.)